கால்வாய் கடந்துபோகும் ஊர்கள்

தாமரைக்குப்பம்

கோடை வந்தால் சென்னைச் செய்தித்தாள்களில் தவறாமல் தலைகாட்டும் பெயர், ஜீரோ பாயிண்ட். கண்டலேறு அணையைத் திறந்தார்கள், இன்று ஜீரோ பாயிண்ட்டுக்கு வினாடிக்கு இத்தனை கன அடி வந்து சேர்ந்தது என்று படிப்போம். அந்த இடம் ஊத்துக்கோட்டையை ஒட்டிய தாமரைக்குப்பத்தில் இருக்கிறது. கிருஷ்ணா கால்வாய் ஆந்திரத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லை அது. இங்கிருந்து பூண்டி ஏரி 25 கிலோமீட்டர். எதிர்த்திசையில் கண்டலேறு 152 கிலோமீட்டர். சென்னையில் இருக்கும் நாங்கள் எப்போதும் பூண்டிப் பக்கமே பார்த்துப் பழகியவர்கள். தண்ணீர் வரும் பக்கத்து ஊர்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்தது. அரசாங்கம் அந்த ஊர்களுக்குள் எந்த வடிவில் வந்து சேர்கிறது, எந்த வடிவில் வராமலே போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

கரையில் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்த பெரியவருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஊர். தமிழும் தெலுங்கும் அவர் வாயில் ஒன்றாகவே வந்தன. "நெலத்த ஒட்டிகினுதான் தண்ணி போவுது சார். மோட்டார் போட்டா கேஸு. ராத்திரில ரோந்து வராங்க. எங்க ஊட்டு மாடு குடிச்சா மட்டும் யாரும் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. பல வருடம் பழகிப்போன நியாயக் கணக்கைச் சொல்வது போலச் சொன்னார்.

1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் கிருஷ்ணாவில் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக்குக் குடிநீராக விட்டுத்தர ஒப்புக்கொண்டன. எம்.ஜி.ஆரும் என்.டி.ராமாராவும் முதல்வர்களாக இருந்தபோது, 1983 ஏப்ரலில், தெலுங்கு கங்கை ஒப்பந்தம் ஆயிற்று. 15 டி.எம்.சி.யில் வழியில் ஆவியாவதற்கு 3 போக, எல்லையில் 12 தர வேண்டும். முதல் தண்ணீர் பூண்டியை எட்டியது 1996இல். கரை சரிந்து தண்ணீர் வீணானபோது புட்டபர்த்தி சத்ய சாயி அறக்கட்டளை தன் செலவில் கால்வாயைச் சீரமைத்துக் கொடுத்தது. அப்படியும் 12 டி.எம்.சி. முழுதாக வருவது அரிது. 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து சென்னை குடத்தோடு நின்றதை மறந்தவர் யாரும் இல்லை. அந்த வரிசையில் என் வீட்டுக் குடமும் இருந்தது. இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் நான்கு மாநிலங்கள் உட்கார்ந்து பேசிய பேச்சில், கால்வாய்க்கு நிலம் கொடுத்த ஊர்களின் குடிதண்ணீருக்குத் தனியாக ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தால் அந்தப் பெரியவர் இரவு ரோந்தைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். எந்த ஊரின் தோட்டத்தை வெட்டிக்கொண்டு தண்ணீர் போகிறதோ அந்த ஊருக்குத்தான் முதல் குவளை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சத்தியவேடு

எல்லையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. சத்தியவேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே காலைப் பலகாரக் கடை நடத்தும் அம்மா, ஒருவரிடம் தெலுங்கில் காசு வாங்கி, அடுத்தவரிடம் தமிழில் சில்லறை கொடுத்தார். பூண்டும் மிளகாயும் அரைத்த சிவந்த விழுதைத் தடவிச் சுட்ட காரம் தோசை, மேலே பொட்டுக்கடலைப் பொடி. முதல் வாயிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. "தண்ணி குடிக்காதீங்க, மோர் குடிங்க" என்று சொம்பை நகர்த்தினார்.

இந்தப் பகுதி ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது எல்லைச் சிக்கல் தீரவில்லை. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டமும், நடுவராக வந்த படாஸ்கரின் சமரசமும், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் வந்தன. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேட்டைச் சுற்றிய ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. திருத்தணி கிடைத்த மகிழ்ச்சியை நாம் பள்ளிப் பாடத்தில் படித்தோம். ஈடாகக் கொடுத்த ஊர்களின் பிள்ளைகள் பிறகு எந்த மொழியில் படித்தார்கள் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைச் சொன்னார். அவர் படித்தது தமிழ் வழி. பாடம் சொல்லிக்கொடுத்ததும் தமிழ் வழி. அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், எழுதத் தெரியாது. "பள்ளிக்கூடத்த யாரும் மூடலைங்க. வாத்தியார் ரிட்டையர் ஆனா அடுத்தவரைப் போடல. புஸ்தகம் ஆடியில வர வேண்டியது ஐப்பசியில வந்துது. அப்பா அம்மாவே புள்ளைங்கள எடுத்து இங்கிலீஷ் மீடியத்துல போட்டாங்க. அப்பறம் புள்ளைங்க இல்லைன்னு சொன்னாங்க."

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசியல் சாசனத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கும் முன்பே, 1949இல், வகுப்பில் 10 பிள்ளைகள் அல்லது பள்ளியில் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழியில் ஆசிரியரைத் தர வேண்டும் என்று மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி முடிவெடுத்திருந்தார்கள். 10, 40 என்ற அந்த எண்கள் பாதுகாப்பாக வந்தவை. ஆசிரியர் சொன்ன கதையில் அவையே பள்ளியைக் கைவிடவும் காரணமாகின்றன. முதலில் எண்ணிக்கை குறையும்படி விட்டுவிட்டு, பிறகு எண்ணிப் பார்க்கிறார்கள். கனடாவின் அல்பெர்ட்டா மாகாணத்தில் இதே சங்கடம் வந்தது. எட்மண்டன் நகரத்துப் பிரெஞ்சுப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகள் போதிய அளவில் இருந்தால் பிரெஞ்சுப் பள்ளி நடத்துவது மட்டும் போதாது, அதை நிர்வகிப்பதிலும் அந்தப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று 1990இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசிரியரை நியமிக்கும் இடத்தில் பெற்றோரே இருந்தால் புத்தகம் ஐப்பசி வரை வராமல் இருக்குமா? 2019இல் ஆந்திர அரசு தன் அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆணை போட்டது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வழக்கில் பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் தெலுங்கின் எதிர்காலம். சத்தியவேட்டின் தமிழ் வகுப்புக்கு வாதாட ஆள் குறைவு.

வரதய்யபாளையம்

சாலையின் இருபுறமும் மாந்தோப்பு. தோப்பு முடிந்தால் வேர்க்கடலைக் கொல்லை, அது முடிந்தால் வெட்டுப்பட்ட செம்மண். வடமேற்கே கம்பாக்கம் மலைகள் நீலமாகத் தொடர்ந்து வந்தன. வரதய்யபாளையம் சிறிய மண்டலத் தலைநகரம்: பேருந்து நிறுத்தம், தாசில்தார் அலுவலகம், விதைக் கடை, நகல் எடுக்கும் கடைகள். நகல் எடுக்கும் கடைகளில்தான் கூட்டம்.

சென்னைக்காரர்கள் இந்த மண்டலத்துக்கு வருவது வேறு காரணங்களுக்காக. கல்கி ஆசிரமத்தின் வெள்ளைக் கோயிலுக்கு ஒரு கூட்டம், உப்பலமடுகு அருவிக்கு இன்னொன்று. இளைஞர்கள் தடா அருவி என்று சொல்லிக்கொண்டு போவது இந்த உப்பலமடுகுதான். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் காட்டில் மிஞ்சும் குப்பையைப் பற்றி இங்கே பேசாத ஆள் இல்லை.

நகல் கடை வாசலில் கையில் பிளாஸ்டிக் உறையோடு நின்றிருந்தார் ஒரு விவசாயி. உறைக்குள் மூன்று தலைமுறைக் காகிதங்கள். அவர் தாத்தாவுக்கு அரசு கொடுத்த டி.கே.டி. பட்டா நிலம் அது. நிலமற்றவர்களுக்கு உழுது பிழைக்கக் கொடுத்த நிலத்தை விற்கவோ வாங்கவோ கூடாது என்பது 1977ஆம் ஆண்டுச் சட்டம். ஏழையிடமிருந்து நிலம் கைமாறிப் போய்விடாமல் காக்க வந்த நல்ல சட்டம். ஆனால் வங்கிக்குப் போனால் இது உன் சொந்த நிலம் இல்லை என்பார்கள். அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்போது முழுப் பட்டா வைத்திருக்கும் பக்கத்து நிலக்காரருக்குச் சமமாக ஈடு கிடைப்பது அரிது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, கொடுத்து இருபது ஆண்டு ஆகியிருந்தால் விற்கலாம் என்றார்கள். அதற்கு முன் மறுஅளவை வந்தது. பிறகு நில உரிமைச் சட்டம் ஒன்று வந்தது; தேர்தல் முடிந்து 2024இல் அது ரத்தாகியும் போனது. "ஒவ்வொரு கவர்மெண்ட்டுக்கும் ஒரு பாஸ் புத்தகம் நாயனா" என்று உறையைத் திறந்து காட்டினார். வண்ணம் வேறு வேறாக இருந்தது, அட்டைப் படங்களும் வேறு வேறு. நிலத்தின் சர்வே எண் மட்டும் ஒன்றே.

அவர் மகன் மாம்பழத்தைப் பற்றிப் பேசினான். இங்கே தோத்தாபுரி என்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா. கூழ் ஆலைக்குப் போகும் பழம். 2025 ஜூனில் விளைச்சல் அதிகம், ஆலைகள் வாங்கத் தயங்க, விலை சரிந்தது. ஆலை கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவித்தது. கூடவே, வெளி மாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் வரத் தடை போட்டார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. தடையால் உள்ளூர்க்காரருக்கு நல்லதுதானே என்று கேட்டேன். "எங்க சின்னாயனாவுக்குத் தோப்பு அந்தப் பக்கம் இருக்குதுண்ணா. அவருக்கு இந்த நாலு ரூபா கெடையாது. ஒரே மரம், ஒரே லாரி" என்றான். எல்லையோரக் குடும்பங்களின் தோப்பு ஒரு மாநிலத்துக்குள் அடங்குவதில்லை. மூன்று மாநிலத்து மா விவசாயிகளுக்கும் ஒரே ஆலைகள்தான் என்றால் விலையைப் பேசவும் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தண்ணீருக்காக 1976இல் உட்கார முடிந்தவர்களுக்கு மாம்பழத்துக்காக முடியாதா?

2022 ஏப்ரல் வரை இந்த ஊருக்கு மாவட்டத் தலைநகர் சித்தூர், நூறு கிலோமீட்டருக்கும் மேல். இப்போது திருப்பதி. கலெக்டரைப் பார்க்கப் போகும் தூரம் குறைந்ததை நான் பேசிய எல்லோரும் நன்மையாகவே சொன்னார்கள். பிரசவச் சிக்கல் என்றால் இன்னும் ஆம்புலன்ஸ் சென்னையையா திருப்பதியையா என்று யோசித்துத்தான் கிளம்புகிறது என்று நகல் கடைக்காரர் சொன்னார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். சென்னை என்றால் ஆந்திர அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீசிட்டி

சாலை திடீரென்று அகலமாகிறது. நடுவில் புல்வெளி, வட்டச் சந்திப்புகள், அம்புக்குறிப் பலகைகள். 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்துக்குப் பிறகு, 2008இல் சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டல நிலங்களில் எழுந்தது ஸ்ரீசிட்டி. கிருஷ்ணபட்டினம், எண்ணூர், சென்னை என்று துறைமுகங்கள் எட்டும் தூரத்தில். இசுஸு வண்டிகள், காட்பரி சாக்லெட், கோல்கேட் பற்பசை, டைகின் ஏ.சி. எல்லாம் இங்கே ஆகின்றன. 2015இல் ஷாவ்மி கைப்பேசியை இந்தியாவில் முதலில் செய்தது இங்கேதான். 2025 மே மாதம் எல்.ஜி. ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்த மண்ணில் இவ்வளவு வேலை முளைத்தது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஷிஃப்ட் முடிந்து பேருந்துகள் வரிசையாக வந்தன. ஜன்னல்கள் முழுக்கப் பெண்கள், இருபது வயதைச் சுற்றியவர்கள், சீருடை மேல் துப்பட்டா. தேநீர்க் கடையில் இறங்கிய இருவரில் ஒருத்தி ஸ்ரீகாகுளத்துப் பெண், இன்னொருத்தி பக்கத்துக் கிராமம். ஸ்ரீகாகுளத்துப் பெண் விடுதியில் எட்டுப் பேரோடு தங்குகிறாள். சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்கிறாள். "ஊர்ல இருந்தா கல்யாணம் பண்ணி வச்சிருப்பாங்க அண்ணா" என்றாள், நல்ல சிரிப்போடு. உள்ளூர்ப் பெண்ணின் அப்பா கொடுத்த நிலத்தின் மேல்தான் எங்கோ ஒரு ஆலை நிற்கிறது. எந்த ஆலை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒப்பந்தக்காரர் மூலமாக வேலை. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நிலம் எடுத்தபோது நடப்பில் இருந்தது 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஈட்டுத் தொகையை உயர்த்தி, நிலத்தில் கூலி செய்தவருக்கும் மறுவாழ்வு தரச் சொல்லும் புதுச் சட்டம் 2014 ஜனவரியில்தான் வந்தது. அவள் வீட்டுக்கு அது பிந்திவிட்டது.

ஆலை வேலையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று 2019இல் ஆந்திரம் சட்டம் போட்டது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். ஹரியானாவின் இதே மாதிரிச் சட்டத்தை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாது என்றுவிட்டது. எனக்கும் அந்தச் சட்டத்தில் தயக்கம் உண்டு. ஸ்ரீகாகுளத்துப் பெண்ணும் உள்ளூர்ப் பெண்ணும் ஒரே தேநீரைப் பகிர்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டுக் கும்மிடிப்பூண்டியிலிருந்து தினம் வருபவர்களும் உண்டு. யாரை வெளியே நிறுத்துவது? நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்று எடுக்கும் அன்றே எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் சதவீதச் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

ஆல்ஸ்டாம் ஆலையில் சென்னை மெட்ரோவின் பெட்டிகள் செய்யப்பட்டன. 2023 ஜூலை முதல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியலில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ரயிலின் பெட்டிகளும் இங்கிருந்துதான் கப்பல் ஏறின. அந்த ஒப்பந்தம் ஆனபோது கியூபெக்கில் பெரிய கேள்வி எழுந்தது: லா பொகாட்டியர் என்ற நம் சிற்றூரிலேயே ரயில் பெட்டி செய்கிறோமே, நம் ஓய்வூதியப் பணத்தில் ஓடும் ரயிலை ஏன் வெளியே செய்கிறீர்கள் என்று. லா பொகாட்டியர் தொழிலாளிக்கு வேலை போய்விடுமோ என்ற கவலை. வரதய்யபாளையத்துப் பெண்ணுக்கு வந்த வேலை நிலைக்குமா என்ற கவலை. இரண்டு கவலைகளுக்கும் நடுவே அந்தப் பெட்டிகள் பத்திரமாகக் கடல் கடந்துவிட்டன.

தடா

நெடுஞ்சாலையைத் தாண்டினால் காற்றில் உப்பு. பழவேற்காடு ஏரி என்று நாம் சொல்லும் நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் கிடக்கிறது. தடா கரையில் யானாதிப் பழங்குடியினரின் குடிசைகள். மதியச் சாப்பாடு ஒரு சிறிய மெஸ்ஸில்: புளியும் பச்சை மிளகாயும் தூக்கலாக மடவைப் புலுசு, கோங்குரா, பருப்பு. ஏரியில் முகத்துவாரம் தூர்ந்து போவதால் மடவையும் இறாலும் குறைந்துவிட்டன என்று பரிமாறியவர் சொன்னார். கடல்நீர் வந்துபோகும் வாய் மணலால் மூடினால் ஏரி ஆழமிழக்கும். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போட்ட சாலையும் நீரோட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது.

ஸ்ரீஹரிகோட்டா தீவு யானாதிகளின் காடாக இருந்தது. 1969இல் ராக்கெட் தளத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள்; 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் மேலே போனது. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள் கரைக்கு இடம் பெயர்ந்து இறால் தடவவும், வயல் எலி பிடிக்கவும், செங்கல் சூளைக்குப் போகவும் ஆனார்கள். சந்திரயான் மூன்று முறையும் அங்கிருந்துதான் கிளம்பியது. நாட்டுக்கே பெருமை. அந்தப் பெருமைக்கு இடம் விட்டவர்களின் வீட்டுக்கு நான் போனபோது கதவென்று இருந்தது ஒரு சாக்குத் துணி.

அந்த வீட்டு அம்மாவின் மகன் பத்தாம் வகுப்பு தேறிவிட்டான். பாலிடெக்னிக்கில் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் சேர வேண்டும். சாதிச் சான்றிதழ் இல்லை. அப்பாவின் சான்றிதழைக் கொண்டு வரச் சொல்கிறார்கள். அப்பாவுக்குப் பிறந்த தேதியே தெரியாது. ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு எழுத்து. "யானாதி இல்லன்னா நான் யாரு சார்? ஊர்ல கேளுங்க, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. தாசில்தார் ஆபீஸ்ல மட்டும் காகிதம் கேக்கறாங்க."

இதற்கு வழி இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சாதி எழுதியிருக்கும். ஊர்ச் செயலகத்தில் விசாரணை கேட்கலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள், கொடுத்ததற்கு எண் போட்ட ரசீதும் தருகிறார்கள். இத்தனையையும் தெரிந்து செய்ய ஒரு நாள் கூலியை விட வேண்டும். அதிகாரி ஒருவர் மாதத்தில் ஒரு நாள் இந்தக் குடிசைகளுக்கு வந்து பாயில் உட்கார்ந்தால், தெரு முழுக்கச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஏரியின் மணலைத் தோண்டுவதைவிடச் செலவு குறைந்த வேலை.

பையன் பள்ளிப் பதிவேட்டின் நகலை எடுத்து வர ஓடினான். அடுத்த வீட்டுக்காரரும் எதிர்வீட்டு அக்காவும் தங்கள் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல் என்று வந்து நின்றார்கள். திருப்பதிக்கு ஆளாளுக்குப் பேருந்தில் போவதைவிட ஒரு ஷேர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஆட்டோக்காரர் போக வர ஆயிரத்து எண்ணூறு கேட்டார். அந்த அம்மா ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்றார். பேச்சு ஆயிரத்து அறுநூறில் முடிந்தது, புறப்பாடு திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு.